காஜா எடுக்காம கத்திரி புடிக்க முடியாது

போன இதழ்ல "உங்க மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கோ இல்லையோ, எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க"ன்னு ஒரு வரி போட்டதுதான் தாமதம், மேடம் லெட்டர் மூட்டையா வந்திருக்கு வந்து எடுத்துட்டுப் போங்கன்னு ஆபீஸ்ல இருந்து போன். எல்லாத்துக்கும் பதில் எழுத இடமில்ல, பேரும் போடல, ஏரியா மட்டும்தான். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, நான் மனநல டாக்டர் எல்லாம் இல்ல, 22 வருஷம் எச்.ஆர். வேலை பார்த்தவ, கிண்டியில பாதி, ஓ.எம்.ஆர்.ல பாதி. எங்கப்பா பெரம்பூர்ல டெய்லர் கடையில கட்டிங் மாஸ்டர். எதுக்கெடுத்தாலும் அப்பாவ இழுக்குறேன்னு கிண்டல் பண்றீங்க, தெரியும், இந்த தடவையும் வருவார்.

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு. டிப்ளமோ மெக்கானிக்கல், அம்பத்தூர்ல ஒரு கம்பெனில குவாலிட்டில இருக்கேன், 17 ஆயிரம் சம்பளம். வேற வேலைக்கு 6 இன்டர்வியூ போனேன், டெக்னிக்கல் ரவுண்டு ஓகே, எச்.ஆர். ரவுண்டுல இங்கிலீஷ்ல பேசணும்னா தொண்டை அடைச்சுக்குது. ஒரு வீடியோல சொன்னாங்கன்னு தினமும் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு "நான் தைரியசாலி, நான் ஜெயிச்சிட்டேன்"னு 50 தடவை சொல்றேன், ரெண்டு மாசமா விடல. ஏழாவது இன்டர்வியூலயும் அதே கதைதான். நான் சொல்ற முறையில ஏதாவது தப்பா?
— வாசகர், கொரட்டூர்

முறையெல்லாம் சரிதான் தம்பி, ஆனா வாய் சொல்றத மனசு நம்பணுமே. நீங்க "நான் தைரியசாலி"ன்னு சொன்ன உடனே உள்ள இருந்து ஒருத்தன் "அப்படியா, அன்னிக்கு இன்டர்வியூல என்னாச்சு"ன்னு கேப்பான் பாருங்க, 50 தடவை சொன்னா 50 தடவையும் கேப்பான். 2009ல கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல இதையே சோதிச்சுப் பார்த்திருக்காங்க, மணி அடிக்கிறப்பல்லாம் "நான் அன்புக்குத் தகுதியான ஆளு"ன்னு மனசுக்குள்ள சொல்லச் சொன்னாங்க. ஏற்கனவே தன்னைப் பத்தி நல்லா நினைக்கிறவங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம் கூடுச்சு, தன்னைப் பத்தி தாழ்வா நினைக்கிறவங்களுக்கு இருந்ததும் போச்சு, சொல்லாம சும்மா இருந்தவங்களைவிட மோசமா ஆயிட்டாங்க. யாருக்கு மருந்து வேணுமோ அவங்களுக்குத்தான் அது ஒத்துக்கல.

இப்ப அப்பா. பேரக்ஸ் ரோட்டுல இருந்த கடைக்கு பிளஸ் டூல ஃபெயிலான ஒரு பையன் வேலை கத்துக்க வந்தான். வந்தவனுக்கு கத்திரி மேலதான் கண்ணு, எல்லாப் பசங்களுக்கும் அப்படித்தான், கட்டிங் மாஸ்டர்னாதான் கடையில மரியாதை. அப்பா அவன் கையில ஊசியக் குடுத்து காஜா, அதான் பட்டன் ஓட்டை, எடுக்கச் சொல்லிட்டார். மூணு மாசம் வெறும் காஜா, பட்டன். அப்புறம் ஹெம்மிங். அப்புறம் பழைய நியூஸ் பேப்பர்ல சாக்பீஸ்ல மார்க் பண்ணி வெட்டுறது, நான் ஸ்கூல் விட்டு வந்தா கடை பூரா பேப்பர் கை, பேப்பர் காலர்னு கிடக்கும். பேப்பர் முடிஞ்சு காடா துணி, அது முடிஞ்சு அப்பாவோட சொந்தச் சட்டைக்கு எடுத்து வெச்சிருந்த துணி. கடைசியா ஒரு நாள் கஸ்டமர் துணிய, நல்ல டெரிகாட்டன், டேபிள் மேல விரிச்சுப் போட்டு வெட்டுடான்னார். பையன் மார்க் பண்ணிட்டான், கத்திரிய எடுத்தான், எடுத்தது எடுத்தபடியே நிக்குறான், கத்திரி முனை துணி மேல பட்டுப் பட்டு நடுங்குது. "மாஸ்டர், தைரியம் வரட்டும், நாளைக்கு வெட்டுறேன்"ன்னான். அப்பா கழுத்துல கிடந்த டேப்பை எடுத்து ஆணியில மாட்டிட்டு, "வெட்டுனாத்தான்டா வரும், நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்"னு கிளம்பிப் போயிட்டார். கடையில நானும் அவனும்தான். அஞ்சு நிமிஷம் ஒண்ணும் நடக்கல. அப்புறம் அந்த சத்தம் கேட்டுச்சு பாருங்க, மரப் பலகை மேல கத்திரி கறக் கறக்குன்னு போற சத்தம், முதல்ல விட்டு விட்டு, அப்புறம் ஒரே இழுப்பா.

இதையேதான் ஆல்பர்ட் பண்டூரான்னு ஒரு உளவியல் பேராசிரியர், அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல இருந்தவர், 1977ல கட்டுரையா எழுதினார். ஒரு வேலைய என்னால செய்ய முடியும்ங்கிற நெனப்பு நாலு வழியில வருதுங்கிறார், அதுல பெருசு நம்மளே அந்த வேலைய கொஞ்சமாவது செஞ்சு முடிச்ச அனுபவம். அடுத்தது நம்மள மாதிரி ஒருத்தர் செய்றதைப் பார்க்கிறது, அப்புறம் நம்ம மதிக்கிறவங்க சொல்ற வார்த்தை, கடைசியா நம்ம உடம்பு படபடக்கிறதை நம்ம எப்படி எடுத்துக்கிறோம்ங்கிறது. பாம்புன்னாலே அலர்றவங்கள வெச்சு சோதிச்சார் மனுஷன். முதல்ல வேற ஒருத்தர் பாம்பைத் தொடுறத தூரத்துல இருந்து பார்க்கணும், அப்புறம் பக்கத்துல போகணும், அப்புறம் கிளவுஸ் போட்டுத் தொடணும், அப்புறம் வெறுங்கையில. பல வருஷ பயம் சில மணி நேரத்துல போனவங்க இருக்காங்க. நான் கிண்டி பாம்புப் பண்ணையில கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னே வேர்த்தவ, அதனால எனக்கு இது பெரிய விஷயம்.

சரி, உங்க காஜா என்ன? நீங்க குவாலிட்டில இருக்கீங்க. வெர்னியர், மைக்ரோமீட்டர், டாலரன்ஸ், ரிஜெக்ஷன், ரீவொர்க், நாள் பூரா வாயில வர்றதுல பாதி ஏற்கனவே இங்கிலீஷ்தான், நடுவுல ஒட்டு போடுற வார்த்தைதான் உங்களுக்கு இடிக்குது. இன்னிக்கு ஒரு பீஸ் ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு ரெண்டு நிமிஷம் போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணுங்க, யாருக்கும் போட்டுக் காட்ட வேண்டாம், அதுதான் பேப்பர் கட்டிங். ரெண்டு வாரம் கழிச்சு கூட வேலை செய்ற ஒருத்தர்கிட்ட அதையே டீ டைம்ல பேசுங்க, சிரிச்சாலும் பரவால்ல. அப்புறம் உங்களுக்குக் கிடைச்சாலும் போகப் போறதில்லைங்கிற மாதிரி ஒரு வேலைக்கு இன்டர்வியூ போங்க, அது காடா துணி. வேணுங்கிற வேலைக்கு நேரா போறது எப்பவும் கஸ்டமர் துணியிலயே கத்திரி வெக்கிறது மாதிரி, நீங்க 7 தடவை அதத்தான் பண்ணியிருக்கீங்க.

உள்ள கூப்பிடுறதுக்கு முன்னாடி நெஞ்சு அடிச்சுக்கிட்டா "பதட்டப்படாத பதட்டப்படாத"ன்னு அடக்காதீங்க. ஹார்வர்டுல ஒரு பேராசிரியை 2014ல எழுதியிருக்காங்க, பாடுறதுக்கு, மேடையில பேசுறதுக்கு முன்னாடி "நான் அமைதியா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டவங்களைவிட "நான் ஆர்வமா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டவங்க நல்லா பண்ணியிருக்காங்க. துடிக்கிற நெஞ்சை நிறுத்துறதைவிட அதுக்கு வேற பேரு வெக்கிறது சுலபம், அவ்வளவுதான் விஷயம்.

இன்னொண்ணு, இது எச்.ஆர். ஆளா இருந்த குத்த உணர்ச்சில சொல்றது. எங்க ஃபார்ம்ல "கான்ஃபிடன்ஸ்"னு ஒரு கட்டம் இருக்கும், 5க்கு எத்தனைன்னு போடணும். பாதி நேரம் நாங்க அதுல போட்டது இங்கிலீஷுக்கான மார்க்குதான். சரளமா பேசினா 4, திக்கினா 2. உங்களுக்கு விழுந்த 2 எல்லாம் உங்க தைரியத்துக்கு விழுந்ததுன்னு நினைச்சுக்காதீங்க.

கேள்வி: ஒரு பழக்கத்தை 21 நாள் விடாம செஞ்சா நம்ம மைண்ட்செட்டே மாறிடும்னு சொல்றாங்களே, உண்மையா?
— வாசகி, மடிப்பாக்கம்

அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் 1960ல எழுதினதுல இருந்து கிளம்பினது. மூக்கை மாத்திக்கிட்டவங்க புது முகத்துக்குப் பழக குறைஞ்சது ஒரு 21 நாள் ஆகுதுன்னார், அந்த "குறைஞ்சது" வழியில எங்கயோ இறங்கிடுச்சு. லண்டன்ல 96 பேரை வெச்சுப் பார்த்த ஆராய்ச்சி 2010ல வந்தது, ஒரு பழக்கம் படிய சராசரி 66 நாள், சிலருக்கு 18, ஒருத்தருக்கு 254 நாள் ஆகும்னு கணக்கு வந்துச்சு. நடுவுல ஒரு நாள் விட்டா பெருசா ஒண்ணும் கெட்டுப் போகலையாம். அதனால 22ஆவது நாள் சோம்பலா இருந்தா உங்களுக்குத்தான் ஏதோ குறைன்னு உக்காந்துடாதீங்க.

கேள்வி: மேடம், எம் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. சின்ன வயசுல இருந்தே "நீ புத்திசாலிடி, உனக்கு வராதது எது"ன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தோம், தன்னம்பிக்கை வரணும்னுதான். இந்த வருஷம் கணக்குல மார்க் குறையுது. போன மாசம் அவ பையை துவைக்க எடுத்தப்ப அடியில நாலு டெஸ்ட் பேப்பர் மடிச்சு மடிச்சு வெச்சிருக்கா, 11, 14னு மார்க். எங்ககிட்ட 22ன்னு சொன்னவ. எங்க தப்பு பண்ணோம்?
— ஒரு அம்மா, வேளச்சேரி

மா, பேப்பரை கிழிச்சுப் போடாம மடிச்சு வெச்சிருக்கா பாருங்க, அது ஒரு நல்ல விஷயம், கண்டுபிடிக்கட்டும்னு பாதி மனசு நினைச்சிருக்கும்.

கரோல் டுவெக்னு ஒரு பேராசிரியை, பண்டூரா இருந்த அதே ஸ்டான்ஃபோர்டுலதான் பின்னாடி வந்து சேர்ந்தாங்க. அவங்களும் கிளாடியா முல்லர்ங்கிறவங்களும் 1998ல வெளியிட்ட ஆராய்ச்சி கிட்டத்தட்ட உங்க வீட்டுக் கதை. அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குப் புதிர் குடுத்து, முடிச்சதும் சிலபேர்கிட்ட "நீ புத்திசாலி"ன்னும் வேற சிலபேர்கிட்ட "நல்லா முயற்சி பண்ணியிருக்க"ன்னும் ஒரே ஒரு வரி சொன்னாங்க. அடுத்து வேணும்னே கஷ்டமான புதிர், எல்லாரும் சொதப்பினாங்க. அதுக்கப்புறம் மறுபடியும் முதல்ல மாதிரி சுலபமானதக் குடுத்தா, புத்திசாலின்னு பேரு வாங்கின பிள்ளைங்க முன்னாடி போட்டதைவிட கம்மியா போட்டாங்க, முயற்சிக்குப் பாராட்டு வாங்கினவங்க கூடப் போட்டாங்க. வேற ஸ்கூல் பிள்ளைங்களுக்கு உன் மார்க்கை எழுதி அனுப்புன்னதும் புத்திசாலிக் கூட்டத்துல 10க்கு 4 பேர் கூட்டி எழுதினாங்க. உங்க பொண்ணு 14ஐ 22 ஆக்கின மாதிரியே. பொய் சொல்றவளா பொறக்கல, நீங்க குடுத்த பட்டத்தைக் காப்பாத்தப் பார்த்திருக்கா, பாவம்.

இத வெச்சுக்கிட்டு நாளையிலிருந்து "முயற்சி பண்ணின, சூப்பர்"னு ஆரம்பிச்சுடாதீங்க, 11 வாங்கின பேப்பருக்கு சூப்பர்னா அவளே சிரிப்பா. முயற்சி பண்ணா மூளை வளரும்னு டுவெக் சொன்னதை ஸ்கூல் ஸ்கூலா போஸ்டர் அடிச்சு ஒட்டினதுல விஷயம் கொஞ்சம் ஊதிப் போச்சு. 2019ல அமெரிக்காவுல சுமார் 12 ஆயிரம் ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு மூளை வளரும்ங்கிற பாடத்தை ஒரு மணி நேரத்துக்கும் கம்மியா கம்ப்யூட்டர்ல சொல்லிக் குடுத்துப் பார்த்தாங்க, மார்க் கம்மியா இருந்த பிள்ளைங்களுக்கு 4க்குப் போடுற சராசரி மார்க்குல 0.1 கூடுச்சு. சும்மா இல்ல, ஆனா மந்திரமும் இல்ல.

நீங்க செய்ய வேண்டியது அந்த நாலு பேப்பரையும் டேபிள் மேல விரிச்சு, அவகூட உக்காந்து, எந்த ஸ்டெப்புல வழி மாறுச்சுன்னு பார்க்கிறதுதான். உங்களுக்குக் கணக்கு வராதுன்னா இன்னும் நல்லது, அவளை உங்களுக்கு சொல்லித் தரச் சொல்லுங்க. இயற்கணிதத்துல மைனஸ் குறிய விட்டுட்டு அடுத்த வரி எழுதுற ஒரே தப்புதான் நாலு பேப்பர்லயும் இருக்கும்னு நினைக்கிறேன், ஒன்பதாவதுல பாதிப் பிள்ளைங்களுக்கு அதான். அப்புறம் அந்த எதிர் ஃபிளாட் பையன் பேச்சை எடுக்காதீங்க. நீங்க எழுதல, ஆனா எல்லா வீட்டுலயும் ஒரு எதிர் ஃபிளாட் பையன் இருக்கான்.

கேள்வி: ஐ.டி.ல ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ். போன மாசம் நான் போட்ட ஒரு தப்பான ஸ்கிரிப்ட்னால கிளையன்ட் சைட் 40 நிமிஷம் படுத்துடுச்சு, மீட்டிங் கால்ல எல்லார் முன்னாடியும் மேனேஜர் கிழிச்சிட்டார். அதுல இருந்து ஒரு சின்ன மெயில் அனுப்பக்கூட நாலு தடவை படிக்கிறேன். பழைய மாதிரி ஆவேனா?
— வாசகர், சோழிங்கநல்லூர்

மெயிலை நாலு தடவை படிக்கிறது நல்ல பழக்கம்ங்க, ரெண்டாக் குறைச்சுக்கோங்க.

2022 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சே, நம்ம ஊரு குகேஷ், அப்ப 16 வயசு, முதல் 8 ஆட்டத்தையும் வரிசையா ஜெயிச்சிட்டு வந்தவர், 10ஆவது ரவுண்டுல உஸ்பெகிஸ்தான் அப்துசத்தோரோவ்கிட்ட ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை ஒரு காய் நகர்த்தல்ல கோட்டை விட்டார். டீமுக்குத் தங்கம் கைக்கு வந்து போச்சு, வெண்கலம்தான். உலகமே லைவ்ல பார்த்துச்சு, உங்க மீட்டிங் கால்ல ஒரு 15 பேர் இருந்திருப்பாங்களா? ரெண்டு வருஷம் கழிச்சு புடாபெஸ்ட் ஒலிம்பியாட்ல தங்கம், 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல உலக சாம்பியன், அந்தப் போட்டியிலயும் முதல் ஆட்டத்துல தோத்துட்டுத்தான் ஆரம்பிச்சார். அவர் ரேஞ்சு வேற, நம்ம ரேஞ்சு வேறன்னு சொல்லாதீங்க, தோத்த ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்கிறதுக்கு ரேஞ்சு எதுவும் வேண்டாம். அந்த 40 நிமிஷத்துல என்ன நடந்துச்சு, இனிமே எந்தச் சோதனை இல்லாம ஸ்கிரிப்ட் உள்ள போகக்கூடாதுன்னு ஒரு பக்கம் எழுதி டீமுக்கே அனுப்புங்க. மேனேஜருக்கும்தான்.

கேள்வி: எனக்கு 31. ஆறு வருஷமா டி.என்.பி.எஸ்.சி., கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல கிட்டத்தட்ட குடியிருக்கேன், சொந்தப் புத்தகம் வெச்சுப் படிக்கிற இடத்துல எனக்குன்னு ஒரு நாற்காலியே இருக்கு. குரூப் 4ல 140, 152, 155, 154ன்னு கேள்வி சரியாகுது, கட் ஆஃப் தாண்ட மாட்டேங்குது. எனக்கு என் மேல நம்பிக்கை இருக்கு, ஆபீஸ்ல உக்காந்து கையெழுத்து போடுற மாதிரி தினமும் கண்ணை மூடிப் பார்க்கிறேன். கணக்கு மட்டும் ஸ்கூல்ல இருந்தே வராது, அதனால அந்த 25 கேள்விய தொடுறதே இல்ல, குத்துமதிப்பா அடிச்சிட்டு வந்துடுவேன். அப்பா நிறுத்திட்டு வேலைக்குப் போன்னு சொல்றார். நம்பிக்கைய விடக்கூடாதுல்ல?
— வாசகர், சைதாப்பேட்டை

உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன் தம்பி, நடுவுல நீங்களே பதிலை எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க.

நீங்க நம்பிக்கைய வெச்சிருக்கிறது கையெழுத்து போடுற நாள் மேல. அவநம்பிக்கைய வெச்சிருக்கிறது 25 கேள்வி மேல. ரெண்டும் இடம் மாறி இருக்கு. 200 கேள்வி, 300 மார்க், அப்ப ஒரு கேள்விக்கு ஒன்றரை. அந்த 25ல குத்துமதிப்பா அடிச்சு உங்களுக்கு ஒரு ஏழு சரியாகுதுன்னு வெச்சுக்கிட்டா 18 கேள்வி, 27 மார்க்கை ஒவ்வொரு தடவையும் ஹால்லயே வெச்சிட்டு வர்றீங்க. 2024 குரூப் 4ஐ நினைச்சுப் பாருங்க, முதல்ல அறிவிச்சது 6,244 இடம், பின்னாடி கூட்டினாங்க, அப்ளிகேஷன் போட்டது சுமார் 20 லட்சம் பேர். அந்தக் கூட்டத்துல 27 மார்க்ங்கிறது எத்தனை ஆயிரம் பேருன்னு உங்களுக்கே தெரியும்.

பண்டூரா இதத்தான் அழுத்திச் சொல்வார், "என்னால முடியும்"னு மொத்தமா ஒண்ணு கிடையாது, எதை முடியும்ங்கிறதுதான் கேள்வி. சதவீதம் முடியுமா, தனிவட்டி முடியுமா, கூட்டுவட்டி முடியுமா? மீ.பொ.வ., மீ.சி.ம. முடியுமா? ஆறாவது புத்தகத்தை எடுங்க, வெக்கப்படாதீங்க, அண்ணா நூலகத்துல யாரும் உங்க புத்தகத்தை எட்டிப் பார்க்க மாட்டாங்க, அவங்கவங்க கவலை அவங்கவங்களுக்கு. ஒரு நாளைக்கு 10 கணக்கு. ஸ்கூல்ல வரலைன்னா அன்னிக்கு வரல. 31 வயசுல கடன் வட்டி, மளிகைக் கணக்கு, வாடகை எல்லாம் பார்த்த ஆளு நீங்க, 12 வயசுப் பையன் இல்ல.

அந்தக் கண்ணை மூடிப் பார்க்கிறத மட்டும் குறைங்க. கேப்ரியேல் ஓட்டிங்கன்னு ஒரு பேராசிரியை ஜெர்மனியில படிப்பு முடிக்கப் போற மாணவர்களைப் பார்த்து 2002ல எழுதினாங்க. நல்ல வேலை கிடைச்ச மாதிரி அடிக்கடி கனவு கண்டவங்க ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா அப்ளிகேஷன் கம்மியா போட்டிருந்தாங்க, வேலை வாய்ப்பு கம்மி, சம்பளமும் கம்மி. ஆனா கிடைச்சிடும்னு உறுதியா எதிர்பார்த்தவங்களுக்கு நல்லாவே நடந்திருந்துச்சு. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஒண்ணு இல்ல. எதிர்பார்ப்புக்குப் பின்னாடி ஏதோ ஒரு கணக்கு இருக்கும். கனவுல ருசி மட்டும்தான், சாப்பிட்ட மாதிரியே இருக்கும், அதனால பசி போயிடும்.

அப்பா சொல்றதும் தப்பில்ல. பகுதி நேர வேலை ஒண்ணு புடிங்க, கூட ஒரே ஒரு தடவை எழுதுங்க, கணக்கோட. 165 தாண்டினா தொடருங்க, இல்லைன்னா அந்த நாற்காலிய வேற யாருக்காவது விட்டுக் குடுங்க. இதை அப்பாகிட்ட நம்பரோட சொல்லுங்க, "நம்பிக்கை இருக்குப்பா"ன்னு சொல்லாதீங்க, அந்த வார்த்தைய அவர் ஆறு வருஷமா கேட்டுட்டார்.

கேள்வி: அம்மா, நான் துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டயரானவன். உங்க மாதிரி ஆளுங்க மனசு வெச்சா எல்லாம் முடியும்னு எழுதுறீங்க. எம் பையன் நல்லாப் படிச்சவன், அட்ரஸ்ல வியாசர்பாடின்னு பார்த்ததும் முகம் மாறுதுங்கிறான். சிலபேர் நேராவே அப்பா பேரு என்ன, சொந்த ஊரு எதுன்னு சுத்தி வளைச்சு சாதியக் கேக்குறானுங்க. இதுக்கு மனசு என்ன பண்ணும்?
— வாசகர், வியாசர்பாடி

ஐயா, உங்க கோபம் சரி. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, பேரு வேண்டாம், ரெஸ்யூமே கட்டை ஒருத்தர் பின்கோடு பார்த்துப் பிரிச்சதை நானே பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன். அன்னிக்கு வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாசம், வாயைத் திறக்கல. நானே பெரம்பூர், பாலத்துக்கு அந்தப் பக்கம் வியாசர்பாடி, என் அட்ரஸை தி.நகர் சித்தி வீட்டு அட்ரஸா குடுத்துத்தான் அந்த வேலைக்கே சேர்ந்திருந்தேன். இதை இந்தப் பக்கத்துல இதுவரைக்கும் எழுதினதில்ல.

உங்க பையனுக்கு நடக்கிறது மனசோட குறை இல்லைன்னு காட்டுற ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டேன்னு ரெண்டு பேர் உத்தரப் பிரதேச கிராமத்துல ஆறாவது, ஏழாவது படிக்கிற பசங்களுக்கு வழி கண்டுபிடிக்கிற புதிர் குடுத்தாங்க, போட்டதுக்குக் காசு. யாரு எந்த சாதின்னு சொல்லாதப்ப உயர் சாதி, ஒடுக்கப்பட்ட சாதின்னு ரெண்டு பக்கப் பசங்களும் ஒண்ணு போல போட்டாங்க. எல்லார் முன்னாடியும் பேரோட சாதியையும் படிச்சதும் ஒடுக்கப்பட்ட சாதிப் பசங்க போட்ட எண்ணிக்கை சர்ருன்னு இறங்கிடுச்சு. அதே பசங்க, அதே மூளை, அதே புதிர். பக்கத்துல ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதுதான் வித்தியாசம். 2004ல வந்தது இது. நம்பிக்கைங்கிறது ஒரு ஆளோட மண்டைக்குள்ள மட்டும் இருக்கிற சாமான்னு நினைக்கிறவங்க இதப் படிக்கணும், முக்கியமா மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேள்வி கேக்குறவங்க.

பையனுக்கு ஒண்ணே ஒண்ணு. அந்த ரூம்ல முகம் மாறினதைப் பார்த்துட்டு வந்து "நான் சரியா பண்ணல"ன்னு எழுதிக்காம இருக்கணும். எந்தக் கேள்விக்கு பதில் தெரியல, எங்க முகம் மாறுச்சு, ரெண்டையும் தனித்தனியா ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. முதல் பக்கத்துக்கு அவன் படிக்கணும். ரெண்டாவது பக்கம் அவன் கடன் இல்ல.

கேள்வி: 8 வருஷ இடைவெளிக்கு அப்புறம் மறுபடி சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு வந்து டீம் லீடும் ஆயிட்டேன், ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எப்ப மாட்டிப்பேனோன்னு தினமும் பயம்.
— வாசகி, பெருங்குடி

இதுக்கு 1978லயே ரெண்டு பெண் உளவியலாளர்கள் பேரு வெச்சு, ஜெயிச்ச பெண்களை வெச்சே எழுதிட்டாங்க, போலி உணர்வுன்னு சொல்லலாம். நல்லா வேலை செய்றவங்களுக்குத்தான் இது அதிகம் வருதுன்னு என் அனுபவம், உண்மையிலேயே டுபாக்கூர் ஆளுங்க யாரும் எனக்கு இப்படி லெட்டர் போட்டதில்ல. அந்த 8 வருஷத்துல பிள்ளையக் கிளப்பி ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள மாமியாருக்கு மாத்திரையும் குடுத்து முடிச்சவங்களுக்கு டீமுக்கு வேலையைப் பிரிச்சுக் குடுக்குற ஒரு ஸ்பிரின்ட் பிளானிங் என்ன பெருசு?

கேள்வி: மூணு மாசமா காலைல எழுந்திரிக்கவே புடிக்கல, சாப்பாடு இறங்கல, கிரிக்கெட் கூட பார்க்கல. இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணுது. எல்லாரும் சோம்பேறிங்கிறாங்க. மன உறுதிய எப்படி வளர்க்கிறது?
— வாசகர், பல்லாவரம்

இது மன உறுதிக் கேள்வி இல்ல தம்பி, டாக்டர் கேள்வி. நீங்க எழுதினது எல்லாம் மன அழுத்த நோய்க்கான அறிகுறி, சோம்பேறித்தனம் இல்ல. இந்த இதழைக் கீழ வெச்சிட்டு 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், அரசாங்க மனநல சேவை, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். 104ம் இருக்கு. நம்ம ஊர்ல "கீழ்ப்பாக்கம்"னு சொன்னாலே கேலி பண்ணிப் பழகிட்டோம், அந்த மனநல ஆஸ்பத்திரி 1794ல இருந்து இருக்கு, அத்தனை வருஷமா ஜனங்க போய் குணமாகித்தான் வந்துக்கிட்டிருக்காங்க. இன்னிக்கே வீட்டுல ஒருத்தர்கிட்ட இந்த லெட்டரை அப்படியே காட்டுங்க. அடுத்த வாரம் எனக்கு ஒரு வரி எழுதுங்க, காத்துக்கிட்டிருப்பேன்.

கேள்வி: இவ்வளவு சொல்றீங்களே, உங்களுக்கு நம்பிக்கை இல்லாத விஷயம் ஏதாவது இருக்கா மேடம்?
— வாசகி, கே.கே.நகர்

52 வயசுல கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். எல் போர்டு கழட்டி ரெண்டு வருஷமாச்சு, ஆனா கத்திப்பாரா பாலம்னா மட்டும் வயித்தைக் கலக்கும், எந்த வளைவு எங்க இறக்கி விடும்னே புரியாது, அதனால வடபழனி போறதுக்குக் கூட சுத்திச் சுத்தி உள் ரோட்டுலயே போவேன். உங்க லெட்டர் எல்லாம் படிச்சிட்டு ரோஷம் வந்து, பேப்பர் கட்டிங்னு நினைச்சுக்கிட்டு போன ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு, ரோடு காலியா இருக்கும்ல, தனியா கிளம்பி ஏறிட்டேன். வடபழனிக்குன்னு திரும்பினது ஏர்போர்ட் பக்கம் கொண்டு போய் விட்டுச்சு. பரவால்லன்னு ஒரு யூ டர்ன் போட்டு திரும்ப ஏறினேன், இந்த தடவை சைதாப்பேட்டை. மூணாவது தடவை சரியா இறங்கி முருகனைப் பார்த்துட்டு வந்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குப் போலாம்னு இருக்கேன், அப்ப கொஞ்சம் வண்டி இருக்கும்.